வரப்போகுது

வாத்து முகம் வைத்த மஞ்சள் கொமோட்டை
ஒன்றரை வயதிலேயே வாங்கிவிட்டோம்.
கழிவு விலை, பாதிக் காசு.
இயலி அதைத் தொப்பியாய்ப் போட்டாள்.
பிறகு அது கரடிக்குக் கட்டில்,
பிறகு என் ஒற்றைச் சப்பாத்துக்கு வீடு.
ஒருநாள் நான் அவளைத் தூக்கி அதில் இருத்த
முதுகை வில்லாய் வளைத்து
மூன்றாம் மாடி முழுக்கக் கேட்கக் கத்தினாள்.
கீழ்வீட்டு எத்தியோப்பியக்காரர்
மறுநாள் லிஃப்டில் ஒன்றும் கேட்கவில்லை.
அதுதான் கூடுதல் வெட்கம்.

"விடுங்கோ" என்றாள் கௌசிகா.
விட்டுவிட்டேன் என்றேன்.
விடவில்லை.
பம்பர்ஸ் கட்டாத பிள்ளைகளுக்கு மட்டும் என்று
செப்டெம்பர் வகுப்புக்கான கடிதம்
ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தோடு தொங்கியது.
பால் எடுக்கப் போகும்போதெல்லாம்
ஒரு தரம் வாசித்தேன்.

நான் பஸ் ஓட்டுகிறவன்.
வினிபெக்கில், மைனஸ் முப்பதில்,
ஒரு முனையிலிருந்து மறு முனைவரை
அடக்கிக்கொண்டு போவது எப்படி என்று
எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.
போர்ட்டேஜ் வீதியின் ஒவ்வொரு சிவப்பு விளக்கும்
என் அடிவயிற்றுக்குத் தெரியும்.
ஆனால் இதை எப்போது கற்றேன்?
ஞாபகமில்லை. யாருக்கும் ஞாபகமில்லை.
முதல் அடி வைத்ததற்குப் படம் இருக்கிறது,
முதல் பல்லுக்கும் இருக்கிறது.

அவளுக்கு முதலில் இறந்தகாலம் மட்டும் இருந்தது.
"சூ வந்திட்டுது" என்பாள்
கம்பளத்தைப் பார்த்தபடி,
யாரோ விருந்தாளி வந்துபோனதைப்போல.

மாசியில்
திரைச்சீலைக்குப் பின்னால் போய் நிற்கத் தொடங்கினாள்.
பாதங்கள் மட்டும் வெளியே,
ஒன்றில் நீலக் காலுறை, மற்றதில் இல்லை.
"இயலி, என்ன செய்யிறாய்?"
"பாக்காதேங்கோ."
திரைக்குள் மூச்சுப் பிடிக்கிற சத்தம்.
இது நிகழ்காலம்.
நான் பார்க்கவில்லை.
கேத்தல் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒரு மத்தியான நித்திரையிலிருந்து
காய்ந்தபடி எழும்பினாள்.
அடுத்த நாளும்.
நனையாத பம்பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு
கௌசிகா என்னைப் பார்த்தாள்,
பரீட்சை முடிவு வந்தவள் மாதிரி.
சொன்னால் கலைந்துவிடும் என்பதுபோல
ஒன்றும் பேசாமல்
வாத்தைத் துடைத்துக் குளியலறை மூலையில் வைத்தோம்.
சப்பாத்து வீடிழந்தது.

நேற்றுக் காலை.
காற்சட்டை, அதன்மேல் இன்னொன்று,
அதன்மேல் பனியங்கி, சால்வை, தொப்பி,
நூலில் கோத்த கையுறைகள்.
ஸிப்பை நாடிவரை இழுத்து முடிக்க எட்டு நிமிடம்.
கதவுப் பிடியில் என் கை.
அப்போது அவள் அசையாமல் நின்றாள்.
கண் எங்கோ உள்ளே போயிற்று.
பஸ் இன்னும் வளைவு திரும்பாதபோதே
நிறுத்தத்தில் சிலர் பையை எடுத்துத்
தோளில் போடுவார்கள், பார்த்திருக்கிறேன்,
எப்படித்தான் தெரியுமோ.
அந்த முகம்.

"அப்பா, சூ வரப்போகுது."

வரப்போகுது.
இன்னும் வரவில்லை. ஆனால் வரும்.
அந்த இடைவெளியில் எவ்வளவு இடம்!
நாங்கள் இருவரும் உள்ளே நிற்கலாம்,
ஒரு ஸிப்பைக் கழற்றலாம்.

சால்வை, தொப்பி, ஒரு பூட்ஸ்.
மற்றது கழரவில்லை.
அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பாதி வாத்துக்கு, பாதி பூட்ஸுக்கு.
குனிந்து இரண்டையும் எட்டிப் பார்த்தாள்.
"வாத்துக்குத்தான் கூட" என்றாள்,
தராசு பிடித்த கடைக்காரிபோல.

டிப்போவில் பதினொரு நிமிடம் பிந்திக் கையெழுத்திட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
'பனி' என்று எழுதினேன்.
வெளியே
துளிப் பனி இல்லை, நல்ல வெயில்.