நான்காவது ஸ்டட்

பிளைனாய் ஊரில் மழை பெய்தால் செய்தியில்லை.
நின்றால்தான் ஜன்னலைத் திறந்து
என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்ப்பார்கள்.
இன்று யாரும் திறக்கவில்லை.
போர்த்மாடோக் பஸ்ஸை வேறொருத்தி ஓட்டுகிற ஞாயிறு.
ஷெட்டில் நானும்
ஐம்பத்தொன்றாம் வருடத்து ஏ.ஜே.எஸ்ஸும்.

சிலிண்டரைத் தூக்கி அலமாரியில் வைத்தாயிற்று.
பிஸ்டனுக்கு ஒரு பழந்துணி.
கிராங்க் கேஸின் வாயைச் சுற்றி நான்கு ஸ்டட்கள்,
மரை தேய்ந்து, துரு ஏறி,
அதில் ஒன்று மட்டும் லேசாகச் சாய்ந்து,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் நிற்கிற மாதிரி.

போன மாதம் கெதினிடம் திரும்ப வாங்கினேன்.
'திரும்ப' முக்கியம்.
பத்தொன்பது வயதில் நான்தான் அவனுக்கு விற்றேன்,
லிவர்பூலில் ஓர் அறைக்கு முன்பணம் கட்ட.
முப்பத்தெட்டு வருடம் வைத்திருந்தான்.
"அடியில் கொஞ்சம் எண்ணெய் கசியும், வேறு குறையில்லை,"
என்று காகிதங்களோடு
ஒரு பிஸ்கட் டின் மூடியையும் தந்தான்,
கசிவைப் பிடிக்க.

இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று முட்டவிட்டுப் பூட்டி
கீழே இருந்ததை இடப்பக்கம் திருப்பினேன்.
மலையைத் திருப்பியிருக்கலாம்.
எம்லினின் கேஸ் டார்ச் வந்தது.
துப்பினால் எச்சில் துள்ளும்வரை அலுமினியத்தைச் சூடாக்கி
ஸ்டட்டின் அடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன்.
உருகி, உள்ளே ஓடி, மறைந்தது.
ஒரு முனகல்.
கால் சுற்று.
போன வழியே கொஞ்சம் பின்னால், மறுபடி முன்னால்.
முதலாவது வந்தது. மதியத்துக்குள் இரண்டாவதும்.

மூன்றாவது
கெஞ்சினால் மிஞ்சியது
மிஞ்சினால்
முறிந்தது.
கிராங்க் கேஸோடு மட்டமாக, சத்தமே இல்லாமல்.
கையில் மட்டும் தெரிந்தது.

"யார் மாட்டினானோ, அவனுக்கு மரை கழன்றிருக்க வேண்டும்!"
எம்லின் தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

முறிந்த முகத்தை அரத்தால் சமமாக்கி
நடுவில் ஒரு புள்ளி குத்தி
இடப்பக்கம் சுழலும் ட்ரில் பிட்டைப் போட்டேன்.
அரை மயிரிழை விலகினாலும் கிராங்க் கேஸ் போச்சு.
மூச்சைப் பிடித்திருந்தேன் போல,
பாதித் துளையிலேயே உடைந்த துண்டு
பிட்டைப் பற்றிக்கொண்டு தானாகச் சுழன்று
மேலே வந்தபோதுதான் விட்டேன்.

நான்காவதுக்கு ஸ்பானரையே எடுக்கவில்லை.
சாய்ந்த அதைச் சும்மா தொட்டேன்.
விரலோடு வந்துவிட்டது.

அடியில் வெள்ளித் தாள்.
சிகரெட் பாக்கெட்டின் உள்தாள்,
பட்டையாக மடித்து மரையைச் சுற்றிச் சுருட்டியது.
ஒரு ஓரத்தில் பச்சை நிற நெயில் பாலிஷ்.

பச்சை
அந்த ஊரில் அந்த வருடம்
ஒருத்திதான் போட்டிருந்தாள்.

விற்பதற்கு முந்தின இரவு.
ஸ்பானரின் பிடியில் நீளக் குழாய் செருகி
முழு எடையும் போட்டு இறுக்கியதும்
அலுமினிய மரை வெண்ணெயாய் நழுவியதும்
மறுநாள் கெதினிடம்
"இஞ்சினைத் திறந்ததே இல்லை" என்றதும்
ஒவ்வொன்றாக அல்ல
எல்லாம் ஒரே வாசனையாக வந்தன,
சூடான எண்ணெயோடு.

மரை கழன்றவள்.
சரியாகச் சொல்ல வேண்டுமே.

தேய்ந்த துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி,
கம்பிச்சுருளைத் திருகி இறக்கி
அதன் கொக்கியைத் தட்டி உடைத்தேன்.
புது ஸ்டட், ஒரு சொட்டு எண்ணெய், கை இறுக்கம் மட்டும்.
நேராக நின்றது.

இருட்டிய பிறகு போன் செய்தேன்.
கெதின், அந்த நான்காவது ஸ்டட்...
"தெரியும்," என்றான்.
"எண்பத்தொன்பதிலேயே கழற்றிப் பார்த்தேன்.
அதே தாளைச் சுற்றித் திரும்ப மாட்டிவிட்டேன்."
ஏன்?
அந்தப் பக்கம் கெட்டில் கொதிக்கும் சத்தம்.
அடுத்து ஏதோ சொன்னான்,
மழை நின்றுவிட்டதாம் அவன் தெருவில்.

நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.
இங்கே பெய்துகொண்டுதான் இருந்தது.