ஒரு ஊசி குறைகிறது

ஹார்பினில் ஜனவரி.
சன்னலுக்கு வெளியே மைனஸ் இருபத்தேழு.
என் வேலை எண்ணுவது.
டாக்டர் கு ஷாவ்சிங் குத்துவார், நான் எண்ணுவேன்.
உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை.
இரண்டும் ஒன்றானால் கையெழுத்து,
அடுத்த கட்டில்.

பதினான்காம் கட்டிலில் லுவான் தெசெங்.
கொதிகலன் அறையில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவர்.
நாலாயிரம் வீடுகளின் குளிர்காலம்
அவர் கண்வைத்த முள்ளில் நின்றது.
முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால்
தூக்கத்திலும் எழுந்துவிடுவாராம்.
தன் உடம்பின் அழுத்தத்தை
ஒருநாளும் அளந்ததில்லை.
மாத்திரை அட்டை பிரிக்காமலே
மேலங்கிப் பையில் இருந்தது என்றாள்
மனைவி மியாவ் யூச்சின்,
யாரையோ காட்டிக்கொடுக்கிறவள் போல.

வெடித்தது நவம்பரில்.
வலப்பக்க மூளைக்குள், வாதுமைக்கொட்டை அளவு ரத்தம்.
முதலில் ஸ்கேன். பிறகு ஐ.சி.யூ.
மண்டையில் சின்னதாய் ஒரு துளை, ஒரு குழாய்.
கசிவு நின்றதென்று
இரண்டு படங்கள் அடுத்தடுத்துச் சொன்ன பிறகே
எங்கள் தளத்துக்கு லிப்டில் ஏறினார்.

"உயிரைக் காப்பாற்றியவர்கள் மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள்,"
டாக்டர் கு முதல் நாளே சொல்லிவிட்டார்.
"அவர்கள் தரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.
நாங்கள் கதவைத் தட்டுகிறோம், அவ்வளவுதான்.
உள்ளே ஆளிருந்தால் திறக்கலாம்."
"இருக்கிறார்," என்றாள் யூச்சின்.
அவளை யாரும் கேட்கவில்லை.

தலையில் பதினொன்று. இடக்கையில் எட்டு.
காலில் பத்து.
பேச்சு குழறுவதால் தொண்டையருகே இரண்டு.
தலையூசியை டாக்டர் இரு விரலுக்கிடையே சுழற்றுவார்,
நிமிஷத்துக்கு இருநூறு தரம்;
விரல் அசைவது தெரியாது, ஊசி மட்டும் மினுங்கும்.
மற்றதை எடுத்துவிட்டு, தலையில் உள்ளவற்றோடே
நடைப்பயிற்சிக்கு அனுப்புவோம்.
தாழ்வாரம் நெடுக
முள்ளம்பன்றிகள் சுவரைப் பிடித்துக்கொண்டு போகும்.
நான் சிரிக்கக் கூடாது.
அவர்களே சிரிப்பார்கள், பாதி வாயால்.

ஐந்து வாரம்.
இடக்கை வைத்த இடத்திலேயே கிடந்தது,
பஸ்ஸில் யாரோ விட்டுப்போன கையுறை மாதிரி.
யூச்சின் அதற்கு நகம் வெட்டுவாள்.
அதனிடம் முட்டைக்கோஸ் விலை சொல்வாள்,
கொதிகலனுக்கு வந்திருக்கும் புதுப் பையன்
வால்வைத் திறக்கத் தயங்குவதைச் சொல்வாள்.
முகத்தைப் பார்த்துச் சொன்னால்
அவருக்கு அழுகை வந்துவிடும்.

வியாழக்கிழமை.
எடுத்தேன். எண்ணினேன். முப்பது.
மறுபடி எண்ணினேன்.
முப்பது முப்பதாகவே இருந்தது.

போர்வையை உதறினோம்.
செருப்புக்குள், தலையணை உறைக்குள்,
வெந்நீர்க் குழாய் சுவருக்குள் போகும் இடுக்கில்.
காந்தத்தைத் தரையில் இழுத்தேன்: ஒரு குண்டூசி, ஒரு பேனா மூடி.
டாக்டர் குவின் காது சிவந்துவிட்டது.
உட்கார்ந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் லுவான்,
மீட்டர் பார்க்கும் அதே கண்ணோடு.

யூச்சின்தான் கண்டாள்.
இடக்கை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில்
மயிரிழைபோல் ஒரு வெளிச்சம்.

"வலக்கையால் பிடுங்கி இங்கே சொருகினீர்களா?"
தலையசைத்தார்.
ஆமா என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

டாக்டர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
"தசை தானாக இறுகியிருக்கலாம்," என்றார் அவளிடம்.
"பயிற்சியால் இருக்கலாம்.
நாளாவட்டத்தில் மூளையே சந்துபொந்து தேடியிருக்கலாம்.
என் ஊசியால்தான் என்று நான் சொல்ல மாட்டேன்."
பிறகு கையை நீட்டினார்.
"கொடுங்கள்."

குழாய்க்குள் எங்கோ வெந்நீர் தட்டியது.
விரல்கள் நடுங்கின. வெளுத்தன.
பிடிப்பது முதலில் வரும்,
விடுவதற்கு மாதக்கணக்காகும்.
இது எனக்குத் தெரியும், யூச்சினுக்குத் தெரியாது.
அவர் வேண்டுமென்றே தரவில்லை என்று நினைத்து
வாய்விட்டுச் சிரித்தாள்.

படிவத்தில் எழுதினேன்:
உள்ளே முப்பத்தொன்று. வெளியே முப்பது.
ஒன்று நோயாளியின் பிடியில்.

தலைமை நர்ஸ் சிவப்பு மையால் அடித்தார்.
அப்படியொரு பத்தி
இந்தப் படிவத்தில் கிடையாதாம்.