முதிர்வுத் தொகை

போன வருஷம் இலக்கைத் தாண்டினோம்,
ஒகேனக்கல் கூட்டிப்போனார்கள்.
இந்த வருஷம் பாதிகூட எட்டவில்லை.
"பக்கத்திலேயே ஒன்று பார்ப்போம்" என்று
கிளை மேலாளர் கனகசபாபதி
மன்னார்குடியில் ஒரு வேன் பிடித்தார்.
முத்துப்பேட்டை. ஒரு மணி நேரம்.
டீசல் எங்களுடையது, பிரியாணி அவருடையது.

ஜாம்பவானோடைத் துறையில்
பதினோரு முகவர்கள், பதினோரு ஆரஞ்சுக் கவசங்கள்.
பக்கிள் மாட்டத் தெரியாமல் தடுமாறிய அத்தனை பேரும்
உயிருக்குக் காப்பீடு விற்கிறவர்கள்.
முகைதீன் பிச்சை சிரிக்காமல்
ஒவ்வொருவருக்கும் இழுத்து மாட்டிவிட்டார்.
படகோட்டி அவர்தான், வழிகாட்டி அவர்தான்,
சீட்டைக் கிழித்துக் கொடுத்ததும் அவர்தான்.

கோரையாறு அகலமாகத்தான் தொடங்கியது.
போகப்போக இரண்டு கரையும் அலையாத்தி நெருங்கி
தலைக்குமேல் கைகோத்தது.
"இது தில்லை. பால் பட்டா கண்ணு போயிரும்."
எல்லோரும் கையை மடிக்குள் வைத்துக்கொண்டோம்.
"இது கஜாவுல செத்தது. இதுவும்.
அந்தா வெள்ளையா தெரியுதே, அது பூரா."

அந்த மாதம் நான் எழுதிக்கொடுத்த மனுக்கள்:
பத்திரம் வெள்ளத்தோடு போய்விட்டது ஐயா,
நகல் வேண்டும் ஐயா.
மரங்களுக்கு நாமினி இல்லை என்று நினைத்தேன்.
குனிந்து பார்த்தால் சேற்றில்
ஆணி ஆணியாய் மூச்சு வேர்கள்,
நடுவே விரலுயரக் கன்றுகள்.

பன்னிரண்டரைக்கு, குடாவின் வாயில்,
படகின் வயிறு எதிலோ உரசியது.
எஞ்சின் இருமி நின்றது.
"வத்தம்" என்றார்.
"எப்போ ஏறும்?"
"ஏறுறப்போ."
மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.
பிரியாணி வேனில் இருந்தது.

மூங்கில் கழியை இறக்கினார் முகைதீன் பிச்சை.
தண்ணீர் முழங்கால் ஆழம்தான்.
கழியோ அதையும் தாண்டிப் போனது,
போனது, நிற்கவேயில்லை.
உருவி எடுத்தபோது ஆள் உயரத்துக்குச் சேறு.
கருப்பு, கொழகொழப்பு, வெந்த உளுந்தின் வழவழப்பு.

தமயந்தி அதை விரலில் வழித்துத் தேய்த்தாள்.
ரேகைகளுக்கிடையே ஏதோ மினுக்கியது.

ஒகேனக்கல்லில் இவள்தான் கேட்டாள்.
பரிசல் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே சுழல,
பரிசல்காரர் துடுப்பால் கல்லைத் தட்டி
"இவ்வளவும் இந்த ஆறு அறுத்ததுங்க" என்றார்.
நாங்கள் அண்ணாந்து படம் எடுத்தோம்.
"அறுத்ததெல்லாம் எங்கே போச்சு?"
கணக்கில் ஐந்து ரூபாய் குறைந்தாலும் விடாத குரல்.
அவர் பதில் சொல்லவில்லை, மீன் வறுவல் கடைக்கு வழி சொன்னார்.

ஒரு வருஷம் கழித்து, தரை தட்டிய படகில்,
யாரும் எதையும் கேட்காத நேரத்தில்
பதில் அவள் விரலில் ஒட்டியிருந்தது.

மணல் மணலாய்ப் பிரீமியம்.
கையெழுத்தில்லை, ரசீது இல்லை,
வட்டி யார் போட்டதென்று தெரியவில்லை.
என் வீட்டு மனை, மேலாளரின் மூன்று மா,
வடுவூர் ஏரிக்கரை, பள்ளிக்கூட மைதானம்:
நாங்கள் நிற்பதெல்லாம்
எங்கோ ஒரு பள்ளத்தின் மறுபாதி.
அணைகளில் தவணை தங்கிப்போய்
வெகுகாலம் ஆகிறது.
காலாவதிக் கடிதம் இன்னும் வரவில்லை.
அல்லது
இந்த மெலிந்த கரைதான் அந்தக் கடிதமோ.

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை.
சண்முகவடிவேல் தூங்கிவிட்டிருந்தார்.
தொலைவில் பூநாரைகள் என்று காட்டினார்கள்,
எனக்கு இளஞ்சிவப்பாய் ஒரு கோடு தெரிந்தது, அவ்வளவுதான்.

மூன்றரைக்குப் படகு
யாரோ தோளைத் தொட்டதுபோல் அசைந்தது.
"ஏறிருச்சு."

ஆறிய பிரியாணி. அடுத்த வருஷ இலக்கு.
கைதட்டல்.
வேன் ஓட்டுநர் எல்லோரையும் குழாயடிக்கு விரட்டினார்,
சேறோடு ஏறக்கூடாதாம்.
வரிசையில் நின்று கழுவினோம்.

தமயந்தி மட்டும்
செருப்பை அப்படியே பாலித்தீன் பையில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.