இரண்டு ரூபாய் ஆட்சேபணை

வேலந்தாவளம் பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு.
மை வைப்பது என் வேலை.

"இது மாராத்தா இல்லை" என்று
ஏஜெண்டு சதாசிவம் இரண்டு ரூபாய் நாணயத்தை
மேசையில் வைத்தான். ஆட்சேபணைக் கட்டணம்.
அவளுடைய கொழுந்தன் மகன்தான்.

தலைமை அலுவலர் ஒற்றப்பாலத்துக்காரர்,
மலையாளத்தில் எச்சரித்தார். நான் தமிழில் சொன்னேன்:
அடுத்தவர் பேரில் ஓட்டுப் போட்டால்
ஒரு வருசம் ஜெயில், இல்லை அபராதம், இல்லை ரெண்டும்.

"என் பேருல நானே போட்டா?"

வில்லேஜ் ஆபீஸ் காகிதத்தில்
அவள் செத்து மூன்று வருடம்.
எட்டுத் தென்னையும் கிணறும்
அப்போதே அவன் பேருக்குப் போயின.
வாக்காளர் பட்டியலில் மட்டும்
யாரோ அடிக்க மறந்திருக்கிறார்கள்.

வரிசையே "மாராத்தாதான்" என்றது.
நாணயம் சர்க்காருக்குப் போயிற்று.

இடது ஆட்காட்டி விரலைத்
தேங்காய் மெஷின் எப்போதோ எடுத்திருந்தது.
நடுவிரலில் கோடு இழுத்தேன்.

ஓட்டுப் போட்டும் அவள் நகரவில்லை.
"நான் நான்தான்னு எழுதினீங்களே, சாமி,
அந்தப் பாரத்துல ஒரு நகல் குடுங்க."
அதற்கு விதி இல்லை என்றார் அலுவலர்.

சுவரில் குற்றங்களும் தண்டனைகளும் ஒட்டியிருந்தன.
நூறு மீட்டர், சாராயம், பணம், மிரட்டல்.
சதாசிவம் செய்ததை
மேலிருந்து கீழே தேடிக்கொண்டிருந்தேன்.
அடுத்த ஆள் விரலை நீட்டிவிட்டார்.