மெய்யில் தொடங்கும் சொல்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி மாடி.
முட்டை அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டி
எதிரொலியை அடக்கிய அறை.
புதன் மதியம் இரண்டரைக்கு
நான்தான் ஆப்பிரிக்கா.

அரைமணிக்கு இருநூறு ரூபாய்.
பயிர்ப் பாதுகாப்பு பேசியவர்
மாற்றலாகிப் போனதால் கிடைத்த இடம்.
மேலப்பாளையம் வரை துல்லியம்,
முன்னீர்ப்பள்ளம் தாண்டினால் இரைச்சல்.
அந்தத் தூரத்துக்குள்
ஒரு கண்டத்தை மடித்து வைக்கவேண்டும்.

முதல் வாரம்
சுரைக்குடுக்கையில் செய்த கோரா,
இருபத்தொரு நரம்பு.
ஓர் அஞ்சலட்டை வந்தது:
'அம்மாம் பெரிய சுரைக்காயைக்
கொழம்பு வைக்காம
என்னத்துக்கு வீணாக்குதாவ?'
எனக்கு வந்த முதல் விமர்சனம்.
ஏழு தடவை படித்தேன்.

பிறகு ஹராரேயில்
பேருந்துக்குக் காத்து நிற்கும் ஒருத்தியின் கதை.
மூன்று வாரம் ராத்திரி உட்கார்ந்து தமிழாக்கி
மூச்சுவிடாமல் வாசித்தேன்.
பேருந்து வராமலே கதை முடியும்.
'பொறவு எப்பிடி வீட்டுக்குப் போனா?'
மூன்று பேர் கூப்பிட்டுக் கேட்டார்கள்.
எனக்கும் தெரியாது என்றேன்.
'எழுதினவகிட்ட கேட்டுச் சொல்லுங்க.'

அதற்கப்புறம் இது.
பலகையில் வரிசையாய் இரும்பு நாக்குகள்,
பெருவிரலால் நெம்பி நெம்பி விடுகிற கருவி.
பெயரே மெய்யெழுத்தில் தொடங்குகிறது: ம்பிரா.
ராமனையே இகரம் போட்டுத்தான்
வாசலுக்குள் விட்ட மொழி நம்முடையது.
கண்ணாடி முன் நின்று
மூடிய உதட்டிலிருந்தே தொடங்கிப் பழகினேன்.
ஒலிவாங்கியைக் கண்டதும்
இகரம் முந்திக்கொண்டது.
'இம்பிரா' என்றேன், ஊரறிய.

பதிவை ஓடவிட்டோம். நான்கு நிமிடம்.
இழையின் அடியில் ஒரு கரகரப்பு.
ரிக்கார்டு கெட்டுப்போச்சு என்று
கோயில்பிச்சை குமிழைத் திருகப் போனான்.
விடு, பலகையில் கோத்த சிப்பிகள் அவை,
நடுங்கத்தான் கோத்திருக்கிறார்கள் என்று
கையைக் காட்டினேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவன் நம்பவில்லை.

போன்.
மேலப்பாளையத்திலிருந்து பாத்துமுத்து.
பின்னால் கத்தரி இலை வெட்டும் சத்தம்.
'யக்கா, அந்தப் பொம்பளை
எந்த வெரல்ல வாசிக்கா?'
பெருவிரல்.
'நகம் தேயாதா?'
நான் படித்த எதிலும் அது இல்லை.
தேயும், என்றேன்.

கத்தரி நின்றது.
'இன்னைக்கு ரேசன் கடையில
எம் பெருவெரலை மிசினு ஏத்துக்கிடலை.
மூணு வாட்டி முந்தானையில தொடைச்சு வச்சேன்.
ரேகை இல்லைன்னுட்டான்.
நாளுக்கு ஆயிரம் பீடி, பதினெட்டு வருசம்,
எங்கன இருக்கும்?'

நேரலையில் மௌனம்
மூன்று நொடிக்கு மேல் கூடாது என்பது விதி.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஐந்து.
'செத்த இருங்க' என்றாள்.

போனைத் தரையில் வைத்தாள் போல.
இலையை அளந்து வெட்டுகிற தகட்டைச்
சுளகு விளிம்பில் முழங்காலால் அமுக்கி,
இருக்கவேண்டும், நான் பார்க்கவில்லை,
ஒரு தட்டு.
இன்னொன்று.
கொஞ்சம் உள்ளே தள்ளி இன்னொன்று, உயரமாய்.
பாட்டு என்று சொல்லமாட்டேன்.
சுளகில் கிடந்த புகையிலைத் தூள்
குதித்திருக்கும்; அந்தக் கரகரப்பும் வந்தது.
கோயில்பிச்சை
குமிழில் வைத்த கையை எடுத்துவிட்டான்.

இரண்டு ஐம்பத்தெட்டு.
நகைக்கடை விளம்பரம் வரிசையில் நிற்கிறது.
இதுவரை நீங்கள் கேட்டது என்று சொல்லி
பெயரைச் சொல்லி முடிக்கவேண்டும்.
உதடு ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.
அங்கிருந்தே தொடங்கினேன்.
ம்பிரா.

பாத்துமுத்து இன்னும் போனை வைக்கவில்லை.
'அது கெடக்கட்டும் யக்கா,
அந்தப் பஸ்சு வந்துச்சா?'