உருகாத கம்பி

செவ்வாய்க்கிழமை. யாரும் மீன் வாங்கவில்லை.
ஆனாலும் மீட்டர் பெட்டிப் பக்கம்
கருவாட்டு வாசம்.

பனங்காட்டில் எங்கள் தெரு முழுக்கக் கொலுசு.
வீட்டுக்கு வீடு பாலீஷ் மோட்டார்.
போன சித்திரையில் நாங்கள் ஏசியும் போட்டோம்.
மோட்டார் எழும்போதெல்லாம் குழல்விளக்கு
கண்ணை மூடித் திறக்கும்.
பழகிவிட்டது.

சென்றாயன் வந்தார்.
காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவதுபோல்
புறங்கையால் பெட்டியைத் தொட்டார்.
பீங்கான் கட்டையை உருவினார்.
உள்ளே ஃபியூஸ் கம்பி இல்லை,
முறுக்கிய வெள்ளி.
"யாரு போட்டது?"
என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

"நாலு வருசமா ஒருநாளும் ஃபியூஸ் போனதில்லையே"
என்றார் பிறகு, கொஞ்சம் பெருமையாகவே.
"போகணுங்க. அதுக்குத்தான் அது இருக்கு.
இது போகலன்னா
செவுத்துக்குள்ள இருக்கிற ஒயரு போகும்."

அந்தச் சுவரை ஒட்டித்தான்
மகளின் கட்டில்.

புதுப் பெட்டி, புது ஒயர், எர்த்து எல்லாம் சேர்த்துப்
பதினெட்டாயிரம் என்றார்.
நாளைக்கே ஆரம்பிங்க என்றேன்,
யாரையும் கேட்காமல்.

ராத்திரி அந்தக் கம்பியைத்
தராசில் போட்டேன்.
ஒன்றே கால் கிராம்.
நாலு வருசத்துக்கு முன்
சேதாரம் கூடிப்போச்சு என்று
முதலாளி என் கூலியில் பிடித்த
அதே ஒன்றே கால்.