மேசை 212

ராத்திரி ரெண்டேகால். ராணிப்பேட்டை சிப்காட்.
கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினேன்.
முந்நூற்று நாற்பது மேசைகள் வந்து நின்றன
காலில்லாமல், பலகையில்லாமல்.

தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை என்று
எங்கள் பக்கத்தைச் சொல்வார்கள்.
என் பட்டியலில் அறுபத்து மூன்று:
திரை உண்டு, ஆள் இல்லை.
சர்வர் மூச்சு முட்டுகிறது.
ஒரே கட்டளை போதும், மொத்தமும் அணைந்துவிடும்.
ஒய்யா, என்னா
என்று கேட்டுவிட்டுக் கண் சிமிட்டுகிறது கர்சர்.

212இல் கை நின்றது.
ஜபருல்லா, தோல் கணக்குப் பிரிவு,
பத்தொன்பது நாளாய் அசைவில்லை.
நோட்பேட் ஒன்று திறந்தே கிடக்கிறது.
தலைப்பைக் கேட்டேன்.
கறுப்புத் திரைக்குத் தமிழ் வராது.

*???????? ??????

நட்சத்திரம் என்றால் இன்னும் சேமிக்கவில்லை.
பிறகு எட்டு, ஓர் இடைவெளி, ஆறு.
காலுக்கு ஒன்று, கொம்புக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்று
விரல் விட்டு எண்ணினேன்.
ராஜினாமா: எட்டு.
கடிதம்: ஆறு.

ஏசியிலும் வேர்த்தது.
போன மாதம் மேனேஜர் அவரைக் கத்தியது
கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் கேட்டதே.

212 நீங்கலாக என்று கட்டளையைத் திருத்தி
ஒய் அழுத்தினேன்.
அறுபத்து இரண்டும் சத்தமில்லாமல் போயின.

காலை ஒன்பதரைக்கு அவரே போன் செய்தார்,
ஆம்பூர் ரயில் இரைச்சலோடு:
"சிஸ்டத்தை அணைச்சிடலியே தாயி?
பிரியாணி கணக்கு அதுலதான் இருக்கு.
உன் பேர்ல நூத்தியெண்பது நிக்குது."